ஜெர்மனியில் புத்தகத்துக்கு ஏன் எங்கும் ஒரே விலை? லைப்சிக் செய்துவைத்த ஏற்பாடு

ஜெர்மன் புத்தகத் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயங்கள் அடிக்கடி காதில் விழும். "அங்கே புத்தக விலையை அரசாங்கமே நிர்ணயித்துவிடும், யாரும் தள்ளுபடி கொடுக்க முடியாது" என்பது ஒன்று. "லைப்சிக் புத்தக நகரம், ஏனென்றால் அங்கேதான் எல்லாமே அச்சாயின" என்பது இன்னொன்று. இரண்டும் அரைகுறை. விலையை அரசு நிர்ணயிப்பதில்லை. லைப்சிக் பெரிய ஊரானதற்கு அச்சகங்கள் மட்டும் காரணமும் இல்லை. அந்த ஊரின் உண்மையான பலம், பதிப்பகத்துக்கும் புத்தகக் கடைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஆட்கள். இடைத்தரகர் என்றாலே நமக்கு ஒரு இளப்பம் உண்டு. இங்கே கொஞ்சம் பொறுத்துக்கொண்டு அவர்களைக் கவனித்தால், ஒரே விலை என்ற ஏற்பாடு எங்கிருந்து முளைத்தது என்பது தானாகவே விளங்கிவிடும்.

ஏன் லைப்சிக்?

இன்றைய ஜெர்மனியின் கிழக்கில், சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது லைப்சிக். மேற்கிலிருந்து கிழக்கே போகும் பழைய வணிகப் பாதை ஒன்றும், வடக்கிலிருந்து தெற்கே போகும் பாதை ஒன்றும் இங்கே குறுக்கிட்டன. 1497இல் பேரரசர் மாக்சிமிலியன் இந்த ஊர்ச் சந்தைக்குச் சிறப்புரிமை வழங்கினார். தோல், துணி, உலோகம் விற்க வந்த கூட்டத்தோடு புத்தக வியாபாரிகளும் வந்தார்கள்.

அப்போது பெரிய புத்தகச் சந்தை பிராங்க்ஃபர்ட்டில்தான் நடந்தது. சந்தைக்கு வரும் நூல்களின் அச்சிட்ட பட்டியல் அங்கே 1564இலேயே வெளிவரத் தொடங்கிவிட்டது. லைப்சிக்கில் அது 1594இல்தான் வந்தது. ஆனால் பிராங்க்ஃபர்ட்டில் பேரரசரின் புத்தக ஆணையம் உட்கார்ந்துகொண்டு தணிக்கை செய்தது. புராட்டஸ்டண்ட் நூல்கள் என்றால் அதன் பார்வை இன்னும் கடுமை. சாக்சனியிலும் தணிக்கை இருந்தது, ஆனால் கெடுபிடி குறைவு. வடக்கு ஜெர்மனியில் வாசகர்களும் பதிப்பகங்களும் பெருகப் பெருக, 18ஆம் நூற்றாண்டில் வியாபாரம் லைப்சிக் பக்கம் சாய்ந்துவிட்டது.

தாளுக்குத் தாள்

அந்தக் காலத்தில் பதிப்பாளரும் கடைக்காரரும் பெரும்பாலும் ஒரே ஆள். தான் அச்சிட்டதைச் சந்தைக்குக் கொண்டுபோவார், அங்கே மற்றவர்கள் அச்சிட்டதை வாங்கி வந்து தன் ஊரில் விற்பார். புத்தகம் தைத்து அட்டை போடாத தாள்களாகத்தான் பயணம் போகும். மழையில் நனையாமலிருக்க அவற்றை மரப்பீப்பாய்களில் அடைத்து வண்டியேற்றினார்கள்.

காசு கைமாறுவது குறைவு. "நீ எனக்கு இத்தனை தாள் கொடு, நான் உனக்கு இத்தனை தாள் தருகிறேன்" என்பதுதான் வழக்கம். இதைப் பண்டமாற்று வணிகம் என்றார்கள். காசு தட்டுப்பாடும் ஊருக்கு ஊர் வேறு வேறு நாணயமும் இருந்த நாட்டில் இது வசதியான வழிதான். ஆனால் ஓட்டை ஒன்று இருந்தது. ஓடுகிற நாவலின் தாளும், யாரும் தொடாத பிரசங்கத் தொகுப்பின் தாளும் ஏறக்குறைய ஒரே மதிப்பில் மாறின. நல்ல நூலை அச்சிட்டவருக்கு நட்டம்.

பிலிப் எராஸ்முஸ் ரைஷ் என்ற லைப்சிக் பதிப்பாளர் இதற்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தார். 1764இல் பிராங்க்ஃபர்ட்டில் தன் கிடங்கை மூடினார். இனி ரொக்கம், திருப்பி எடுப்பதும் இல்லை என்ற பாதைக்குத் தொழிலை இழுத்தார். தெற்கத்திய வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். வியன்னாவில் டிராட்னர் போன்றவர்கள் வடக்கத்திய நூல்களை அனுமதி கேட்காமலே மறுபதிப்புப் போட்டு மலிவாக விற்றார்கள். பதிப்புரிமை என்று எல்லா ஜெர்மன் நாடுகளுக்கும் பொதுவான சட்டம் கிடையாது, ஆகவே அவர்களைத் தடுக்கவும் முடியவில்லை.

இந்த இழுபறியிலிருந்து மெல்ல ஒரு சமரசம் உருவானது. பதிப்பகம் புதிய நூல்களைக் கடைக்கு முன்பணம் இல்லாமல் அனுப்பும். விற்றதற்குக் கடைக்காரர் காசு கொடுப்பார், விற்காததைத் திருப்பி அனுப்புவார். இதற்கு நிபந்தனை முறை என்று பெயர். சின்ன ஊர்க் கடைக்காரருக்கு இது பெரிய வரம். வாங்க ஆள் இருக்கிறதா என்று தெரியாத நூலையும் அலமாரியில் வைத்துப் பார்க்கலாமே.

இதுவரை பார்த்ததில் ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். நிபந்தனை முறை வந்த பிறகு, ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் இடையே கடன், திருப்பல், பாக்கி என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்குகளை யார் பார்ப்பது?

கமிஷன்காரர் வருகிறார்

காய்கறி வியாபாரத்தில் கமிஷன் மண்டி எப்படி நடக்கும் என்று பலருக்குத் தெரியும். சரக்கு மண்டிக்காரருடையது இல்லை. ஆனால் அவர் இடத்தில்தான் இறங்குகிறது, அவர் நோட்டில்தான் வரவு செலவு ஏறுகிறது, வெளியூர்க்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் நம்பிக்கை அவர்மேல்தான். லைப்சிக்கின் கமிஷன்காரரும் கிட்டத்தட்ட இதே வேலைதான் செய்தார். ஒரு வேறுபாடு உண்டு. மண்டிக்காரர் சரக்கு அனுப்பியவருக்காக விலை பேசுவார். லைப்சிக் கமிஷன்காரர் விலை பேசுவதே இல்லை. வெளியூர்க் கடையின் பிரதிநிதியாக அந்த ஊரில் இருந்து சரக்கு சேர்ப்பது, கட்டி அனுப்புவது, காசு கட்டுவது, இவ்வளவுதான் அவர் வேலை. அதற்கு ஒரு கட்டணம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இது எப்படி ஓடியது என்று ஒரு ஆர்டரைப் பின்தொடர்ந்து பார்ப்போம். வடகிழக்கு மூலையில் கோனிக்ஸ்பெர்க் நகரில் ஒரு கடைக்காரர். அவருக்கு ஸ்டுட்கார்ட் பதிப்பகம் ஒன்றின் நூல் வேண்டும், பெர்லின் பதிப்பகத்தின் இரண்டு நூல்கள் வேண்டும், லைப்சிக்கிலேயே வெளியானவை ஐந்தாறு வேண்டும். ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு சின்னச் சீட்டு எழுதுகிறார். எல்லாச் சீட்டுகளையும் ஒரே உறையில் போட்டு லைப்சிக்கில் உள்ள தன் கமிஷன்காரருக்கு அனுப்புகிறார். தபால் செலவு ஒன்றுதான்.

லைப்சிக்கில் இந்தச் சீட்டுகளைப் பிரிப்பதற்கென்றே பொது நிலையம் ஒன்று இருந்தது. கமிஷன்காரர்களின் ஆட்கள் கட்டுக்கட்டாகச் சீட்டுகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பதிப்பகத்துக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் அவை பிரிக்கப்படும். ஸ்டுட்கார்ட் பதிப்பகத்துக்கும் லைப்சிக்கில் ஒரு கமிஷன்காரர் உண்டு. அவர் கிடங்கிலேயே நூல் இருந்தால் அன்றே எடுத்துக் கொடுத்துவிடுவார். அப்புறம் சரக்குத் தூக்கும் ஆட்கள் கைவண்டியில் வைத்து ஒரு கமிஷன்காரரிடமிருந்து இன்னொருவரிடம் பொட்டலங்களைக் கொண்டுபோவார்கள். கோனிக்ஸ்பெர்க் கடைக்காக எட்டுப் பத்துப் பதிப்பகங்களிலிருந்து வந்தவை ஒரே மூட்டையாகிக் கிளம்பும்.

நேரடியாக அனுப்பியிருந்தால் எட்டுப் பத்து மூட்டை, அத்தனை சரக்குக் கூலி, அத்தனை கணக்கு. இப்போது ஒன்று. ஸ்டுட்கார்ட்டிலிருந்து தெற்கே போக வேண்டிய நூல்கூட லைப்சிக்கைச் சுற்றிக்கொண்டு போனதுண்டு. வரைபடத்தைப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம், கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் மலிவு.

நமக்குத் தெரிந்த நூல் ஒன்றும் இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. தமிழகத்தில் சுற்றி, தமிழ் கற்றுத் திரும்பிய லைப்சிக் மிஷன் இயக்குநர் கார்ல் கிரவுலின் ஜெர்மன் திருக்குறள் 1856இல் லைப்சிக்கில் வெளியானது. அந்தக் காலத்தில் எங்கோ ஒரு கோடியில் இருந்த ஜெர்மன் கடைக்காரர் குறளைக் கேட்டிருந்தாலும் அதே மாதிரி ஒரு சின்னச் சீட்டுதான் எழுதியிருப்பார்.

ஈஸ்டருக்குப் பிறகு கணக்கு

சரக்கு ஆண்டு முழுவதும் ஓடும். காசு ஆண்டுக்கு ஒருமுறைதான். ஒரு காலண்டர் ஆண்டில் அனுப்பிய நூல்களுக்கு, அடுத்த ஆண்டு ஈஸ்டர் சந்தையின்போது கணக்கு முடிப்பார்கள். ஜனவரியில் வந்த நூலுக்கு ஓராண்டுக்கும் மேல் கடன். விற்காதவை அதற்குள் திரும்பிவிட வேண்டும். பதிப்பகத்தின் சம்மதத்தோடு சிலவற்றை இன்னும் கொஞ்ச நாள் கடையில் வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது.

ஈஸ்டருக்குப் பின் நாலாவது ஞாயிறை ஒட்டி நாடெங்கிலுமிருந்து புத்தக வியாபாரிகள் லைப்சிக்கில் கூடி, ஆளுக்கு ஆள் பாக்கி தீர்த்தார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் தங்கியிருக்கும் இடத்தைத் தேடி அலைவதற்குப் பதில் ஒரே கூடத்தில் உட்கார்ந்து முடிக்கலாமே என்று தோன்றியது. அதற்காக 1825இல் உருவானதுதான் ஜெர்மன் புத்தக வணிகர் சங்கம். அதன் ஜெர்மன் பெயர் பொர்சன்ஃபெராயின். இன்று பிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சிக்குப் பின்னால் நிற்பதும், ஆண்டுதோறும் அமைதிப் பரிசு வழங்குவதும் இதே சங்கம்தான். பிறந்தது, கணக்கு முடிக்கும் கூடமாக. 1834 முதல் அதற்கு ஒரு பத்திரிகை உண்டு, 1836இல் சொந்தக் கட்டடமும் வந்தது.

சுருக்கமாக: சரக்கு, சீட்டு, காசு மூன்றும் ஒரே ஊர் வழியாகப் போயின. பிராக்ஹவுஸ், ரெக்லாம் போன்ற பெரிய பதிப்பகங்களும், அச்சகங்களும், புத்தகம் தைத்து அட்டை போடும் நிலையங்களும் அந்த ஊரில் குவிந்ததற்கு இது முக்கியமான காரணம்.

தபால் மலிவானது, சண்டை வந்தது

1871இல் ஜெர்மனி ஒரே பேரரசானது. அடுத்த சில ஆண்டுகளில், ஐந்து கிலோ வரையிலான பார்சலை மிக மலிவான சீரான கட்டணத்தில் நாட்டின் எந்தக் கோடிக்கும் அனுப்பலாம் என்றானது. நல்ல செய்திதானே? சின்ன ஊர்க் கடைக்காரருக்கு இல்லை.

பெர்லினிலும் லைப்சிக்கிலும் இருந்த சில கடைகள் தங்கள் கமிஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, தள்ளுபடி விலையில் நாடு முழுக்கத் தபாலில் விற்கத் தொடங்கின. மூலத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவர்களுக்குச் சரக்குக் கூலி கிடையாது. சின்ன ஊர் வாசகர் உள்ளூர்க் கடையில் நூலைப் புரட்டிப் பார்ப்பார், வீட்டுக்குப் போய் பெர்லினுக்குக் கடிதம் போடுவார். இணைய வணிகம் வந்த பிறகு கேட்கும் புலம்பல் அன்றே கேட்ட புலம்பல்தான்.

ஸ்டுட்கார்ட் பதிப்பாளர் அடால்ஃப் குரோனர் அப்போது சங்கத்தின் தலைவர். அவர் முயற்சியில் 1888இல் விதிகள் மாறின. ஒரு நூலின் சில்லறை விலையைப் பதிப்பகமே சொல்லும், எந்தக் கடையும் அதற்குக் கீழே விற்கக் கூடாது. மீறினால்? மீறிய கடைக்குச் சங்கத்தின் வசதிகள் எதுவும் கிடையாது, பதிப்பகங்களும் சரக்கு தராது.

இந்தத் தண்டனை பலித்ததற்குக் காரணம், எல்லாச் சரக்கும் லைப்சிக் வழியாகப் போனதுதான். அந்த ஒரு கதவை அடைத்தால் போதும், கடை முடங்கிவிடும். நூறு இடங்களில் சிதறிக் கிடந்த வணிகமாக இருந்திருந்தால் இந்த விதி காகிதத்தோடு நின்றிருக்கும். அரசு இதில் கைவைக்கவே இல்லை. வியாபாரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது.

எல்லாரும் கைதட்டவில்லை. லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கார்ல் பியூஷர் 1903இல் இந்தச் சங்கத்தைப் பகிரங்கமாகத் தாக்கினார். நூல் விலையை, குறிப்பாக ஆய்வு நூல்களின் விலையை, வணிகர் கூட்டு ஏற்றிவைக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. போட்டியாளர்கள் கூடி விலையைக் கட்டிவைப்பதை வேறு எந்தத் தொழிலில் பார்த்தாலும் நாம் சும்மா இருக்க மாட்டோம்.

ஒரு இரவு, ஒரு எல்லைக்கோடு

1943 டிசம்பர் 4ஆம் தேதி அதிகாலையில் லைப்சிக் மேல் குண்டுகள் விழுந்தன. பதிப்பகங்களும் அச்சகங்களும் கமிஷன்காரர்களின் கிடங்குகளும் நெருக்கியடித்து நின்ற அச்சுத்தொழில் பகுதி எரிந்துபோனது. கோடிக்கணக்கான நூல்கள் சாம்பலாயின. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்ததற்கு அந்த ஊர் கொடுத்த விலை அது.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஊருக்குள் வந்தது. ஆனால் ஒப்பந்தப்படி சாக்சனி சோவியத் கைக்குப் போக வேண்டியது. கிளம்புவதற்கு முன் அமெரிக்கர்கள் தேர்ந்தெடுத்த சில பதிப்பாளர்களை வண்டியேற்றி மேற்கே வீஸ்பாடனுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பிராக்ஹவுஸ், இன்செல், தீமே நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு ஒரே பெயரில் கிழக்கே ஒரு பதிப்பகம், மேற்கே ஒரு பதிப்பகம் என்று பல இரட்டைகள். ரெக்லாம் லைப்சிக்கிலும் இருந்தது, ஸ்டுட்கார்ட்டிலும் இருந்தது. புத்தக வணிகர் சங்கமும் இரண்டானது. மேற்குப் பகுதியினர் 1949இல் பிராங்க்ஃபர்ட்டில் புத்தகக் கண்காட்சியைப் புதிதாகத் தொடங்கினார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு முன் லைப்சிக்கிடம் இழந்த இடம் பிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பக் கிடைத்தது.

இன்றைய சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

மேற்கு ஜெர்மனியில் ஒரே விலை என்பது நெடுங்காலம் பதிப்பகங்களுக்கும் கடைகளுக்கும் இடையிலான ஒப்பந்தமாகத்தான் நடந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுக்கும் சேர்ந்திருந்த ஏற்பாட்டை ஐரோப்பிய ஆணையம் கேள்வி கேட்டபோதுதான் சட்டம் தேவைப்பட்டது. 2002 அக்டோபர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. குரோனரின் விதி அரசுச் சட்டமாக 114 ஆண்டுகள் ஆயின.

அந்தச் சட்டப்படி விலையைச் சொல்வது பதிப்பகம். எவ்வளவு என்று அரசு சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. சொன்ன விலையை மாற்றாமல் விற்க வேண்டும் என்பதுதான் கடைக்கு விதி. ஒரு நாவலுக்கு 20 யூரோ என்று பதிப்பகம் போட்டால், பெர்லினில் பல கிளைகளுள்ள சங்கிலிக் கடையிலும், மலையோர ஊர்க் கடையிலும், அமேசானிலும் 20 யூரோதான். 7 விழுக்காடு வரியும் அதற்குள் அடக்கம். 2016 திருத்தம் மின்னூல்களையும் வெளிப்படையாகச் சேர்த்தது.

விதிவிலக்குகள் உண்டு. ஏற்கெனவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்திய பழைய நூல்களுக்கு இது பொருந்தாது. வெளியாகி 18 மாதம் கழித்துப் பதிப்பகம் விரும்பினால் கட்டுப்பாட்டை நீக்கலாம். நூலகங்களுக்கும் பள்ளி நூல்களின் மொத்தக் கொள்முதலுக்கும் சட்டமே அளவு சொல்லித் தள்ளுபடி தருகிறது. அடிபட்ட பிரதிகளையும் குறைத்து விற்கலாம். ஜெர்மன் கடை வாசலில் மலிவு நூல்கள் அடுக்கிய தொட்டியைப் பார்த்தால் ஒரு நூலை எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். தாள் விளிம்பில் "குறையுள்ள பிரதி" என்று ரப்பர் முத்திரை குத்தியிருக்கும். சிலவற்றில் குறை எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

பலரும் தவறவிடும் இடம் இதுதான்: சட்டம் மாறாமல் கட்டிவைத்தது வாசகர் கொடுக்கும் விலையை மட்டும். பதிப்பகம் கடைக்குத் தரும் கழிவை அது கட்டிவைக்கவில்லை. அந்த 20 யூரோவில் சின்னக் கடைக்கு எவ்வளவு, பெரிய சங்கிலிக்கு எவ்வளவு என்பதில் பேரம் உண்டு. பெரியவர்கள் அதிகம் வாங்கிக்கொள்கிறார்கள். விலைப் போட்டி ஒழிந்துவிடவில்லை, வாசகர் கண்ணில் படாத அறைக்குள் போய்விட்டது.

இதனால் சின்னக் கடைகள் பிழைக்கின்றனவா? விலையில் தோற்க மாட்டோம் என்ற உறுதி அவர்களுக்கு இருக்கிறது, அது பெரிய விஷயம். வாடகை, ஆள் கூலி, வாசிப்புக் குறைவு இவற்றிலிருந்து எந்தச் சட்டமும் காப்பாற்றாது. பிரிட்டனில் இதேபோன்ற ஒப்பந்தம் 1990களில் உடைந்தது, அதிகம் விற்கும் நூல்கள் பல்பொருள் அங்காடிகளில் பாதி விலைக்கு வந்தன. சுவிட்சர்லாந்தில் 2007இல் இந்த ஏற்பாடு நின்றுபோனது. திரும்பக் கொண்டுவரும் சட்டத்தை 2012 வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்துவிட்டார்கள்.

நாளைக் காலை புத்தகம்

விலை ஒன்றே என்றால் கடைகள் எதில் போட்டியிடும்? வேகத்தில். அங்கேதான் லைப்சிக்கின் இன்னொரு கண்டுபிடிப்பு வருகிறது, பார்சார்டிமென்ட். பல பதிப்பகங்களின் நூல்களைத் தன் சொந்தக் காசில் வாங்கி, தன் கிடங்கில் வைத்து, கடைகளுக்கு விற்கும் மொத்த வணிகம் இது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லைப்சிக்கில் பிறந்தது.

நம்மில் பலர் எல்லாரையும் "விநியோகஸ்தர்" என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். மூன்று பேரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய கமிஷன்காரர் அடுத்தவர் சரக்கைக் கைமாற்றிவிடுகிறவர். பதிப்பகத்தின் அனுப்புகை நிலையம் அந்தப் பதிப்பகத்தின் சரக்கைப் பாதுகாத்து, கேட்டபோது அனுப்பும், சரக்கு பதிப்பகத்துடையதே. பார்சார்டிமென்ட்டில் மட்டும்தான் சரக்கு அதன் சொந்தம், நட்டமானாலும் அதனுடையது.

இன்று லிப்ரி போன்ற நிறுவனங்கள் லட்சக்கணக்கான தலைப்புகளை இப்படிக் கையிருப்பில் வைத்திருக்கின்றன. மாலையில் கடைக்காரர் கணினியில் ஆர்டர் போடுவார். இரவெல்லாம் வேன்கள் ஓடும். பல ஊர்களில் கடைச் சாவியே ஓட்டுநரிடம் இருக்கும். அவர் விடியுமுன் திறந்து பிளாஸ்டிக் தொட்டிகளை உள்ளே வைத்துவிட்டு, காலித் தொட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாசகர் நேற்று கேட்ட நூல் இன்று காலை கடையில், அதே விலையில், அனுப்பும் செலவு இல்லாமல். மருந்துக் கடைகளைத் தவிர வேறு சில்லறை வணிகத்தில் இந்த வேகம் அபூர்வம்.

இந்த நடு ஆட்கள் எவ்வளவு முக்கியம் என்பது 2019 பிப்ரவரியில் தெரிந்தது. நாட்டின் மிகப் பெரிய பார்சார்டிமென்ட்களில் ஒன்றான கோஹ், நெஃப், ஃபோல்க்மார் நிறுவனம் திவால் மனு போட்டது. பெயரின் கடைசியில் இருப்பவர் 1829இல் லைப்சிக்கில் கமிஷன் தொழில் தொடங்கிய ஃபிரிட்ரிஷ் ஃபோல்க்மார். அடிபட்டவர்கள் யார் என்று பாருங்கள். கிறிஸ்துமஸ் பருவம்தான் நூல் விற்பனையின் உச்சம். அந்தப் பருவத்துச் சரக்கு கடைகளில் விற்று முடிந்துவிட்டது, ஆனால் பதிப்பகங்களுக்குக் காசு வந்து சேரவில்லை. சின்னப் பதிப்பகங்கள் சில மாத வருமானமே போய்விடுமோ என்று பயந்தன. அந்த ஆண்டே சைட்ஃப்ராக்ட் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களிலும் வேன்கள் நிற்கவில்லை, கடைகளுக்கு மறுநாள் காலை நூல் வந்துகொண்டுதான் இருந்தது.